பெயர் போடுவது யாருடைய கடன்?

ஓர் ஆங்கில நாடகத்தை நீங்கள் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இயங்கும் ஒரு தமிழ்க் குழு அதை மேடையேற்றியது; பேசிய தொகையும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நிகழ்ச்சிக் கையேட்டில் இயக்குநர், நடிகர்கள், ஒலி, ஒளி, ஒப்பனை, புரவலர்கள் என்று எல்லார் பெயரும் இருக்க, மொழிபெயர்ப்பாளர் பெயர் மட்டும் இல்லை. யூடியூபில் ஏற்றிய பதிவிலும் இல்லை. கேட்டபோது, “பணம் கொடுத்துவிட்டோமே, நன்றியுரையில் குழுவினர் அனைவருக்கும் நன்றி சொன்னோமே” என்று பதில் வந்திருக்கிறது. இதற்கு மேலும் வலியுறுத்துவது சிறுபிள்ளைத்தனமா, சட்டத்தில் இதற்கு இடம் உண்டா, இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்பது நியாயமானது. சிங்கப்பூர்ச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உங்கள் பெயரை அங்கே எழுதவேண்டிய பொறுப்பு, உங்கள் படைப்பை எடுத்துப் பயன்படுத்தியவர்களுடையது. நீங்கள் போய்க் கேட்டுப் பெறவேண்டிய சலுகையாக அது எப்போது மாறியதோ, அப்போதே கோளாறு தொடங்கிவிட்டது. நான் வழக்கறிஞன் அல்லன்; இங்குள்ள தமிழ் மேடை நிகழ்ச்சிகளுக்குக் கையேடுகளும், எழுத்தாளர்களுக்கு நூல்களும் தொகுத்துக் கொடுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன். பெயர்கள் எந்த இடத்தில் எப்படி விடுபடுகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நன்றி சொல்வதையும் பெயர் குறிப்பிடுவதையும் நம் நிகழ்ச்சிகளில் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். நன்றி என்பது மனத்தைப் பொறுத்தது. யாருக்கு, எவ்வளவு, எந்தச் சொற்களில் சொல்வது என்பதை ஏற்பாட்டாளர் தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் இந்த வசனங்களைத் தமிழில் எழுதியவர் யார் என்பது நடந்து முடிந்த ஓர் உண்மை. அதைக் கூட்டவோ குறைக்கவோ மறைக்கவோ ஏற்பாட்டாளருக்கு அதிகாரம் இல்லை. “குழுவினர் அனைவருக்கும்” என்று சொன்னால் நன்றி நிறைவேறிவிடலாம்; யார் எதைச் செய்தார் என்ற செய்தி அதில் கிடையாது. பணம் கொடுத்துவிட்டோம் என்ற வாதமும் நிற்காது. நடிகருக்கும் ஒளியமைப்பாளருக்கும் தொகை கொடுத்துத்தான் இருப்பார்கள். அதற்காக அவர்கள் பெயரை நீக்கிவிடவில்லை. எழுதுகிறவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் மட்டும், அவர்கள் மேடையில் கண்ணில் படாதவர்கள் என்பதால், இந்தப் பதில் எளிதாகச் சொல்லப்பட்டுவிடுகிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ், ஒருவருடைய படைப்பை இன்னொருவருடையது என்று பொய்யாகக் காட்டுவதைத் தடுக்க வழி இருந்தது. ஆனால் பெயரே போடாமல் விட்டுவிடுவதைத் தடுக்க வழி இல்லை. ஒருவர் பெயருக்குப் பதிலாக வேறு பெயர் போட்டால் தவறு, வெற்றிடமாக விட்டால் தவறில்லை என்ற நிலை 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2021 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அதே ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இதை மாற்றியது. எழுத்து, நாடகம், இசை, ஓவியம், புகைப்படம் போன்றவற்றைப் படைத்தவர்களுக்கும், மேடையிலோ பதிவிலோ நிகழ்த்துகிற கலைஞர்களுக்கும், தங்கள் ஆக்கம் பொதுவில் பயன்படுத்தப்படும்போது தங்கள் பெயர் குறிப்பிடப்படவேண்டும் என்ற உரிமையை அது தந்தது. பெயர் தெளிவாகவும், பார்ப்பவர் கண்ணில் படும்படி நியாயமான அளவு எடுப்பாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. புனைபெயரில் வரவேண்டும் என்று படைத்தவர் சொல்லியிருந்தால், அந்தப் புனைபெயரைத்தான் போடவேண்டும்.

இது உலகத்துக்குப் புதிய கருத்து இல்லை. இலக்கிய, கலைப் படைப்புகளைக் காக்கும் பெர்ன் உடன்படிக்கையில், 1928இல் ரோம் நகரில் கூடித் திருத்தம் செய்தபோதே இந்த உரிமை சேர்க்கப்பட்டுவிட்டது. இந்தியா தன் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவிலேயே இதை எழுதிவைத்திருக்கிறது. சென்னையிலிருந்து பாடலாசிரியரையோ இசையமைப்பாளரையோ அமர்த்துகிற இங்குள்ள குழுக்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது. சிங்கப்பூர் 1998இல் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. பெயர் குறிப்பிடும் உரிமை உள்நாட்டுச் சட்டத்தில் முழுவடிவம் பெறுவதற்கு மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இங்குள்ள அமைப்புகள் பலவற்றின் பழக்கவழக்கங்கள் அந்த இடைக்காலத்தில் உருவானவை. சட்டம் மாறியது அவர்கள் காதுக்கு எட்டாமல் இருக்கலாம். ஆகவே முதலில் தெரியப்படுத்துவோம் என்ற மனநிலையோடு நீங்கள் பேச்சைத் தொடங்கினால் போதும்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்கிற ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டும். பதிப்புரிமை யாருடையது என்பது ஒரு கேள்வி. பெயர் யாருடையது என்பது வேறு கேள்வி. உங்கள் தமிழாக்கத்தின் பதிப்புரிமையை நீங்கள் அந்தக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். எழுதிக் கொடுத்திருந்தாலும், பெயர் குறிப்பிடப்படும் உரிமை அதோடு சேர்ந்து போய்விடுவதில்லை. அது ஆளோடு ஒட்டியது. விற்கவோ மாற்றித்தரவோ முடியாதது. ஆனால் ‘வேண்டாம்’ என்று விட்டுக்கொடுக்க முடியும். சில ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில், தார்மிக உரிமைகள் (பெயர் குறிப்பிடப்படும் உரிமை போன்றவை) அனைத்தையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். கையெழுத்திடும் அவசரத்தில் பலர் அதைப் படிப்பதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இருந்தால், உங்கள் பேச்சு உரிமையின் அடிப்படையில் இல்லாமல் கோரிக்கையாகத்தான் அமையும்.

சட்டம் எல்லாரையும் காப்பாற்றுவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஒளியமைப்பு, ஒலியமைப்பு, மேடை நிர்வாகம், படத்தொகுப்பு, ஒப்பனை ஆகியவை ஒரு நிகழ்ச்சியின் உயிரான வேலைகள். ஆனால் அவற்றில் பலவும் சட்டம் ‘படைப்பு’ என்று வரையறுக்கும் வகைகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. கருத்தைச் சொன்னவருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. சொல்லாகவோ இசையாகவோ வடிவமாகவோ வெளிப்பட்டதைத்தான் அது காக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாகச் செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை முதலாளியுடையது. அங்கெல்லாம் சட்டத்தைவிட நிறுவனத்தின் வழக்கம்தான் பேசும். இந்த இடைவெளிகளை நிரப்ப ஒப்பந்தமும் நல்ல பழக்கமும் தவிர வேறு வழியில்லை.

இனி, கேட்பது சிறுபிள்ளைத்தனமா என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு பண்பாடு இருக்கிறது. தன்னைத் தானே புகழ்வது தகுதி அன்று என்று நன்னூல் சொல்கிறது. எத்தனை துறைகளில் கரைகண்டவனாயினும் அது பொருந்தும் என்றும் சொல்கிறது. நம் வீடுகளிலும் அப்படித்தான் வளர்க்கப்பட்டோம். ஆனால் அதே நன்னூல், அதே பாயிரப் பகுதியில், இந்தத் தயக்கத்துக்கு மருந்தும் வைத்திருக்கிறது. சிறப்புப் பாயிரம் என்ற முன்னுரை சொல்லவேண்டிய எட்டுச் செய்திகளை அது வரிசைப்படுத்துகிறபோது, முதலில் நிற்பது ஆக்கியோன் பெயர். நூலின் பெயர்கூட அதற்குப் பின்னர்தான் வருகிறது. அந்தப் பாயிரத்தை யார் எழுதவேண்டும்? நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோர். இவர்கள் பாயிரம் சொல்லுதல் ‘கடனே’ என்று நூற்பா முடிகிறது. எழுதியவர் தம்மைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு சமூகம் விதி வகுத்தால், அவரைப் பற்றிப் பேசும் கடமையைச் சுற்றியிருப்பவர் மேல் வைத்தாகவேண்டும். இல்லையேல் அடக்கமுள்ளவர்கள் அத்தனை பேரும் மறைந்துபோவார்கள். நாம் முதல் பாதியைக் கவனமாகக் கடைப்பிடித்து, இரண்டாம் பாதியைக் கைவிட்டுவிட்டோம். உங்கள் குழுவின் ஏற்பாட்டாளர் செய்யத் தவறியது சட்டக் கடமை மட்டுமன்று. தமிழ் மரபு அவர் மேல் வைத்த கடமையும்கூட.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இதில் நமக்கெல்லாம் வழிகாட்டிகள். குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் தொகுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாடல்களைப் பெயரற்றவையாக விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. பாட்டிலிருந்த ஓர் அரிய தொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராக்கினார்கள்: செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், அணிலாடு முன்றிலார். பெயர் தெரியாத நிலையிலேயே இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். நம் கையில் படைத்தவரின் தொலைபேசி எண்ணே இருக்கிறது.

அப்படியானால் பெயர்கள் ஏன் விடுபடுகின்றன? கெட்ட எண்ணத்தால் விடுபடுவது அரிது என்பது என் அனுபவம். பெரும்பாலும் வேலை நடக்கும் முறைதான் காரணம். நிகழ்ச்சிக் கையேடு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். நடுவில் கம்பி தைத்து மடிக்கும் கையேட்டில் பக்கங்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் இருக்கமுடியும்: 12, 16, 20. பதினேழாம் பக்கம் என்று ஒன்றைத் தனியாகச் சேர்க்க இயலாது. அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒரு புரவலர் முழுப்பக்க விளம்பரம் தருவார். சிறப்பு விருந்தினரின் வாழ்த்துச் செய்தி படத்தோடு தாமதமாக வந்து சேரும். இவற்றுக்கு இடம் செய்ய எதையாவது சுருக்கியாகவேண்டும். விளம்பரத்தைச் சுருக்க முடியாது, வாழ்த்துச் செய்தியைச் சுருக்கத் துணிவு வராது, நடிகர்கள் பக்கத்தைச் சுருக்கினால் அவர்கள் வீட்டார் கேட்பார்கள். மிஞ்சுவது ‘மேடைக்குப் பின்னால்’ என்ற பக்கம். அது அரைப் பக்கமாகும், பிறகு ஒரு பெட்டியாகும், கடைசியில் “மற்றும் உதவிய அனைவருக்கும்” என்ற ஒரே வரியாகச் சுருங்கும். அந்த முடிவை எடுப்பவர், இரவு 11 மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் வடிவமைப்பாளர். தன்னுடைய பெயரையும் சேர்த்துத்தான் அவர் நீக்குகிறார்.

ஆகவே என் ஆலோசனை, பெயர்ப் பட்டியலைக் கையேட்டின் கடைசி வேலையாக வைக்காமல் முதல் வேலையாக வைக்கவேண்டும் என்பது. ஒத்திகை தொடங்கும் நாளிலேயே ஒரு கூகல் தாளைத் திறந்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒவ்வொருவரும் தம் பெயரையும் பங்கையும் தாமே எழுதவேண்டும் என்று வைத்துவிட்டால், அச்சுக்குப் போகும் வாரத்தில் யாரையும் தேடி அலையவேண்டியதில்லை. பக்கங்களைக் கணக்கிடும்போது அந்தப் பட்டியலுக்குரிய பக்கத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை விளம்பரத்துக்கு விற்கலாம். இன்று கையேட்டுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டை மட்டும் ஒட்டிவைக்கும் குழுக்களுக்கு இடப்பற்றாக்குறை என்ற காரணமே கிடையாது. ஆனால் அந்தக் குறியீடு காட்டும் பக்கம் நிகழ்ச்சி முடிந்த சில மாதங்களில் மறைந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பட்டியலை ஒரு கோப்பாகவும் சேமித்துவைப்பது அவசியம்.

பெயரை எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு சிக்கல் நமக்கே உரியது. நம்மவர் பெயர் தமிழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கும். தலைப்பெழுத்து தமிழில் ‘சு.’ என்றும் ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்றும் வரும். சிலர் தந்தை பெயரை முன்னால் போடுவார்கள், சிலர் பின்னால். ஒரே ஆள் மூன்று கையேடுகளில் மூன்று பேராகத் தெரிவார். இதன் விளைவு பிற்காலத்தில்தான் தெரியும். சிங்கப்பூரில் விற்பனைக்கோ பொது விநியோகத்துக்கோ வெளியிடப்படும் அச்சு நூலின் இரண்டு படிகளை, வெளியான நான்கு வாரங்களுக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. நூலின் முதல் பக்கங்களில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைக் கொண்டுதான் நூலகப் பட்டியல் அமையும். உங்கள் தமிழாக்கம் நாளை நூலாக வந்து, அதில் உங்கள் பெயர் இல்லையென்றால், இன்னும் 50 ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்தை ஆராயும் ஒருவருக்கு நீங்கள் இருந்ததே தெரியாது. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே முறையில் எழுத இப்போதே முடிவுசெய்து, எல்லாருக்கும் அதையே கொடுங்கள்.

பதிவு செய்யப்பட்ட பெயர் எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1986இல் ஹியூ ஹாரிசன் எழுதிய ‘கவுண்ட் ஆன் மீ, சிங்கப்பூர்’ என்ற தேசிய தினப் பாடலை நம் பிள்ளைகள் அனைவரும் பாடியிருக்கிறார்கள். 2021 மார்ச்சில், சில சொற்கள் மட்டும் மாற்றப்பட்டு அதே பாடல் இந்தியாவில் பாடப்பட்டது தெரியவந்தது. அங்கே ஒருவர், தாமே அதை முன்னர் எழுதியதாகக் கூறினார். பின்னர் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். எழுதியவர் யார், எந்த ஆண்டு, உரிமை யாரிடம் என்ற விவரங்கள் இங்கே ஐயத்துக்கு இடமின்றி இருந்ததால் அந்தப் பிரச்சினை நீளவில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள்: ‘முன்னேறு வாலிபா’ பாடலை இங்கு தமிழ் படித்தவர்கள் மனப்பாடமாகப் பாடுவார்கள். அதை இயற்றியவர் எஸ். ஜேசுதாசன் என்று அவர்களில் எத்தனை பேரால் சொல்லமுடியும்? அந்தப் பெயர் ஆவணங்களில் இருக்கிறது, மேடைகளில் சொல்லப்படுவதில்லை. பள்ளி விழாவில் அந்தப் பாடலை அறிவிக்கும் மாணவர் ஒரே மூச்சில் அந்தப் பெயரையும் சொல்லலாம். ஒருமுறை கேட்ட பிள்ளை மறக்காது.

பாடல்களில் பெயர் பணத்தோடும் தொடர்புடையது. இங்கே இசையமைப்பாளர், பாடலாசிரியர்களின் சார்பில் உரிமத்தொகை திரட்டிப் பகிர்ந்தளிப்பது 1987இல் தொடங்கப்பட்ட காம்பஸ் சங்கம். ஒரு பாடல் பதிவுசெய்யப்படும்போது, சொல் யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதவேண்டும். குழுவாக உட்கார்ந்து பாட்டுக் கட்டும் இளைஞர்கள் இதைப் பேசாமலேயே வெளியிட்டுவிடுகிறார்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு பேசினால், நட்பும் போகும், பங்கும் தகராறாகும். பதிவு முடிந்த அன்றே, ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வெளியேறுமுன், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. ஒளிப்படக் கலைஞர்களுக்கும் ஒரு செய்தி: 2021 நவம்பர் 21க்குப் பின் தனியார் அமர்த்தி எடுக்கப்படும் படங்களுக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் படம் எடுத்தவரே. முன்னர் பணம் கொடுத்து அமர்த்தியவருக்கே அந்த உரிமை இருந்தது. பரதநாட்டிய அரங்கேற்றப் படங்களைப் பெற்றோர் முகநூலில் போடும்போது, படத்தின் கீழ்விளிம்பிலிருந்த பெயரை வெட்டிவிட்டுப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. பெயரை வெட்டாமல் விடுவதற்குக் காசு செலவில்லை.

நடனத்தைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்கிறேன். அரங்கேற்றக் கையேடுகளில் இந்தப் பண்பு இன்னும் நன்றாகவே பேணப்படுகிறது. ஒவ்வோர் உருப்படிக்கும் ராகம், தாளம், இயற்றியவர், நடனம் அமைத்தவர் என்று நான்கு விவரங்கள் இருக்கும். நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், குழல் கலைஞர்களின் பெயர்கள் படத்தோடு வரும். நாடகமும் குறும்படமும் செய்பவர்கள் வேறெங்கும் போய்க் கற்கவேண்டாம். பக்கத்து அரங்கில் நடக்கும் அரங்கேற்றத்தின் கையேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும்.

எதிர்வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்துப் பதில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். நம் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் தொண்டூழியர்களால் நடப்பவை. எல்லாரும் பெயருக்கு ஆசைப்பட்டால் தொண்டு என்ற உணர்வே போய்விடும் என்று மூத்தவர்கள் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தில் உண்மை இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் பட்டியலில் இடம்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வரிகூடத் திருத்தாதவர், பொறுப்பில் இருக்கும் காரணத்தால் ‘தொகுப்பாசிரியர்’ ஆகிவிடுகிறார். ஆனால் அதற்கான தீர்வு பட்டியலை அழிப்பதில் இல்லை. வேலையின் பெயரைத் துல்லியமாக எழுதுவதில் இருக்கிறது. தலைவர் நிதி திரட்டினாரென்றால் ‘நிதித் திரட்டு’ என்று போடுவோம். அது பெருமைக்குரிய வேலைதான். தொகுத்தவர் பெயரைத் தொகுத்தவருக்கே விடுவோம். பணம் வாங்காமல் உழைத்த தொண்டூழியருக்கு, அவர் வேலையைச் சான்றாகக் காட்ட மிஞ்சுவது அந்த ஒரு வரிதான் என்பதையும் மூத்தவர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும். அடுத்த வேலைக்கோ கலை மானியத்துக்கோ விண்ணப்பிக்கும்போது இளையர்கள் இணைக்கக்கூடிய சான்று அது.

இனி நீங்கள் செய்யவேண்டியது. கோபமான செய்தி வேண்டாம். பொதுவெளியில் புலம்பலும் வேண்டாம். குழுவின் பொறுப்பாளருக்குத் தனியாக, எழுத்தில், எதை எங்கே எப்படித் திருத்தவேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஏறத்தாழ இப்படி எழுதலாம்: “வணக்கம் ஐயா. நாடகம் நல்ல முறையில் அமைந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. கையேட்டிலும் யூடியூப் பதிவிலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் விடுபட்டிருக்கிறது. பதிவின் விளக்கப் பகுதியில் இயக்குநர் பெயருக்கு அடுத்த வரியில் ‘தமிழாக்கம்’ என்று குறித்து என் பெயரைச் சேர்க்க வேண்டுகிறேன். கையேட்டின் மின்படியிலும் அதே திருத்தம் வேண்டும். பெயர் எழுதும் முறையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கீழே தந்திருக்கிறேன். 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படியும் இது தேவைப்படுகிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிட முடியுமா என்று தெரிவியுங்கள்.” யூடியூபில் காணொளியை மாற்றாமலேயே விளக்கப் பகுதியைத் திருத்தலாம், சில நிமிட வேலை. அச்சான கையேட்டை ஒன்றும் செய்யமுடியாது. மறுமேடையேற்றம் நடந்தால் புதிய கையேட்டில் பெயர் இடம்பெறும் என்ற உறுதியை எழுத்தில் பெறுங்கள்.

அதற்கும் பதில் வராவிட்டால், இரண்டு வாரம் பொறுத்து, ஒரு முறையான கடிதம் அனுப்பலாம். வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் ஒரு கையேட்டுக்காக நீதிமன்றம் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். செலவும் மனச்சோர்வும் பெரிது. இலவசச் சட்ட ஆலோசனை முகாம்களில் ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்கலாம். பணம் வராத பிரச்சினை என்றால் வழி வேறு. 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. உங்கள் சிக்கல் பணம் பற்றியதில்லை என்பதால் அது பொருந்தாது.

அடுத்த வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது ஒரு பக்க ஒப்பந்தமாவது வேண்டும். சுயதொழில் செய்வோரை அமர்த்துவது குறித்து அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட முத்தரப்புத் தரநிலை, வேலை என்ன, தொகை எவ்வளவு, எப்போது தரப்படும் என்பவற்றை எழுத்தில் வைக்கச் சொல்கிறது. அதைக் காட்டிக் கேட்டால் யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். அவற்றோடு இந்த வரியையும் சேருங்கள்: “இந்தத் தமிழாக்கம் மேடையேறும்போதும், பதிவாக வெளியாகும்போதும், அச்சாகும்போதும், விளம்பரம் செய்யப்படும்போதும், மூல ஆசிரியர் பெயர் வரும் இடமெல்லாம் அதை அடுத்து மொழிபெயர்ப்பாளர் பெயரும் இடம்பெறும்.” மூல ஆசிரியர் பெயரோடு இணைத்துவிடுவதால், எந்த அளவில், எந்த இடத்தில் என்ற தகராறு எழாது.

அந்தச் செய்தியை அனுப்புமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தமிழாக்கத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு என்றாலும், பதிப்புரிமையுள்ள ஒரு நாடகத்தை மொழிபெயர்ப்பதற்கே மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் அந்த உரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். குழு அந்த அனுமதியைப் பெற்றதா என்று கேளுங்கள். பெற்றிருந்தால், மூல ஆசிரியரின் பெயர் எப்படி இடம்பெறவேண்டும் என்று அந்த அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரைக் குறிப்பிடுவது பற்றியும் அதில் ஒரு வரி இருந்தால், உங்கள் கோரிக்கைக்கு அதைவிட வலுவான துணை வேறில்லை. பெறவில்லையென்றால், அந்தக் குறையைச் சரிசெய்வது உங்கள் பெயரைச் சேர்ப்பதைவிட முதலில் நடக்கவேண்டிய வேலை. அதைக் குழுவோடு சேர்ந்து செய்ய நீங்களே முன்வாருங்கள். யூடியூப் பதிவில் மூல ஆசிரியரின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் செய்தியில் அவருடைய பெயரைச் சேர்க்கும்படி கேட்கும் வரி உங்கள் பெயரைக் கேட்கும் வரிக்கு மேலே வரட்டும்.